றெஜினோல்ட் மறுத்த கோப்பை

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ட்ராம் ஓட்டும் றெஜினோல்டுக்குத் தாய்மொழி தமிழ். முகத்தைப் பார்த்தவர்கள் அதை நம்புவதில்லை. பிறந்தது திருகோணமலை, வம்சம் ஆபிரிக்கா. ட்ராமில் ஏறும் தமிழர்கள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்று மருமகளின் குறைகளை விலாவாரியாகப் பேசுவார்கள். இறங்கும்போது, "பாவம் அக்கா, அந்தப் பிள்ளையும் என்ன செய்யும்" என்று அவர் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் பஸ்ஸில் போவார்கள்.

தமிழ் மன்றத்தில் பெரியவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். றெஜினோல்டும் பெயர் கொடுக்கப் போனார். பெயர் பதிந்த கமலநாயகி நல்ல மனுசி. கேட்காமலே 'பிறமொழியினர் பிரிவு' என்று எழுதிவிட்டார்.

"அக்கா, நான் தமிழன்."

"ஓம் தம்பி, மனசாலை எல்லாரும் தமிழர்தான். அந்தப் பிரிவிலை நீங்கள் ஒராள்தான். கோப்பை நிச்சயம்."

"கோப்பை வேண்டாம். மற்றப் பக்கத்திலை போடுங்கோ."

"அங்கை ஒன்பது பேர் நிக்கினம். எல்லாம் வாய்வீரர். தோத்துப் போவியள்."

"அவையளோடை நிண்டு தோக்கிறன். எழுதுங்கோ."

பேச எடுத்துக்கொண்டது கொழும்பில் வாழ்ந்த தன் மூதாதையரை. அப்பா வழியில் ஒல்லாந்தர் கொண்டுவந்த அடிமை. பகல் முழுக்கக் கோட்டையில் வேலை, பொழுதுபட்டால் வாவி நடுவிலிருந்த தீவில் அடைத்துவிடுவார்கள். அம்மா வழியில் ஆங்கிலேயரின் சம்பளச் சிப்பாய். வீட்டில் சண்டை வந்தால் அம்மா, "எங்கடை ஆள் சுதந்திர மனுசன்" என்பார். "அவனையும் விலைக்கு வாங்கித்தான் கையிலை துவக்கைக் குடுத்தவங்கள்" என்பார் அப்பா. அதோடு இருவரும் சமமாகிச் சாப்பிட உட்காருவார்கள்.

மேடையில் ஆளுக்கு ஐந்து நிமிடம். தமிழ் மேடையில் விஷயம் தவறலாம், வணக்கம் தவறக்கூடாது. றெஜினோல்ட் தலைவர், செயலாளர், நடுவர்கள், மாலை கட்டியவர், ஒலிவாங்கி பூட்டியவர், வர முடியாமல் போனவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. நாலு நிமிடம் அதிலேயே போயிற்று. மூதாதை கப்பலால் இறங்கி வாவித் தீவில் அடைபடவும் மணி அடித்தது. பத்துப் பேரில் பத்தாவது இடம்.

வடை வரிசையில் கமலநாயகி பக்கத்தில் வந்து நின்றார்.

"வந்த கோப்பையை விட்டிட்டியளே தம்பி. அது கிடக்கட்டும், அந்த மனுசன் தீவாலை தப்பினவரோ?"

"தப்பினவர் எண்டு அப்பா. சும்மா கதை எண்டு அம்மா."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

வரிசை நகரவில்லை. முன்னால் நின்ற நடுவரும் திரும்பிப் பார்த்தார். றெஜினோல்ட் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு வாவியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதிலிருந்து தொடங்கினார்.