துப்புகிற வாளி

1. இறக்கி விடச் சொன்னார்கள்

"மணியம், அந்தம்மாவ இறக்கி விட்டுருய்யா."

முதலாளி என் காதருகே வந்து சொன்னார். வேன் இன்னும் கிளம்பவே இல்லை. ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே நிறுத்தியிருந்தோம். உள்ளே கோலாலம்பூரிலிருந்து வந்த மூன்று ஜோடிகள். கடைசி சீட்டில் நூல் சேலை கட்டி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார்.

வைன் வியாபாரத்தில் லாரியில் பெட்டி தூக்கித்தான் தொடங்கினேன். பிறகு கடை, பிறகு பார். இப்போது சனிக்கிழமை பிற்பகலில் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஈப்போவின் வைன் பார்களைச் சுற்றிக் காட்டுகிறேன். ஒவ்வொரு பாரிலும் இரண்டு மூன்று வகை ருசி பார்க்க வைத்து, பிடித்ததைப் பெட்டியாக வாங்க வைப்பதுதான் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் திராட்சைப் பெயர்களைக் கேட்கிறார்கள். பெயர் புட்டியிலேயே ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது வேறு.

"ஏன் பாஸ் இறக்கணும்?"

"குடிக்க மாட்டேன்னு சொல்லுது லா. மூஞ்சிய உம்முன்னு வச்சிக்கிட்டு ஒருத்தங்க உக்காந்திருந்தா மத்தவங்க எப்படிக் குடிப்பாங்க? மூடு போயிரும்."

"டிக்கெட் எடுத்திருக்காங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

அவர் சொல்லவில்லை. இந்த மாதிரி வேலையை முதலாளிகள் தங்கள் வாயால் செய்வதில்லை. முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். வேன் கிளம்பியது.

2. பழ ஃபேக்டரி

முதல் பார் பழைய கடைவீட்டில் இருந்தது. மற்றவர்கள் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவிடம் நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"அக்கா, குடிக்காதவங்களுக்கு இங்க என்ன வேலை?"

"பாக்க வந்தேன் தம்பி."

"எதப் பாக்க?"

அவர் பெயர் பாக்கியம். தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். ஒரே மகள் கவிதா ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிறாள். பழ ஃபேக்டரி என்று சொல்லியிருக்கிறாள். இவரும் தெரிந்தவர்களிடமெல்லாம் பழ ஃபேக்டரி என்றே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு ஒரு படம் வந்திருக்கிறது. மகள் கையில் கிளாஸ், பின்னால் வைன் ஆலையின் மரப் பீப்பாய்கள்.

"இனிமே என் வாசப்படிய மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவ கூப்பிட்டா எடுக்கறதில்ல. நேத்து மெசேஜ் போட்டிருக்கா. தீபாவளிக்கு வரவா வேணாமா, நாளைக்குள்ள சொல்லும்மா, டிக்கெட் எடுக்கணும்னு."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"அது என்ன கருமம்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டுச் சொல்லலாம்னுதான் வந்தேன்."

அவர் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தே செத்தார். இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நானும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். சம்பள நாளில் எந்த வீட்டில் பானை உருளும், எந்த அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடுவாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் நோட்டீசில் 'வைன் ஒரு கலாச்சாரம்' என்று அச்சடித்திருக்கிறோம்.

3. எல்லாம் ஒண்ணுதான்

இரண்டாவது பாருக்கு வந்தபோது ஜோடிகளில் ஒருவரான வழக்கறிஞர் தினேஷின் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. ஊற்றியதையெல்லாம் அவர் முழுங்கியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. போதையில் பிரியமாகிவிடுகிற ரகம்.

"ஆன்ட்டி, ஒரு மடக்கு அடிங்க! சாமி கண்ணக் குத்தாது!"

அவர் மனைவி ஷாமினி, "சும்மா இருங்களேன்," என்று கையைப் பிடித்து இழுத்தார். தினேஷ் கேட்கவில்லை. கிளாஸை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பாக்கியம் அக்கா கேட்டார்: "உங்க அப்பா இருக்காராப்பா?"

"இருக்காரு ஆன்ட்டி. செரம்பான்ல."

"குடிப்பாரா?"

"சேச்சே. டீயே குடிக்க மாட்டாரு."

"அதான் உனக்கு விளையாட்டா இருக்கு."

முதலாளி என்னைப் பார்த்து, 'நான் அப்பவே சொன்னேனா இல்லையா' என்பதுபோல் கண்ணை உருட்டினார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து கவுன்டருக்கு வந்தார்.

"தம்பி, பஸ் ஸ்டேஷனுக்கு ஒரு டாக்ஸி பிடிச்சுக் குடு. பாத்தாச்சு. புட்டிதான் வேற. எல்லாம் ஒண்ணுதான்."

நான் அப்போது புதிதாகத் திறந்த ஷிராஸ் புட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கார்க் கெட்டிருந்தால் வைனில் ஈர அட்டைப்பெட்டி வாடை வரும். அதனால் பரிமாறுவதற்கு முன் நாங்கள் ஒரு வாய் பார்த்தாக வேண்டும். வாயில் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. குனிந்து, கவுன்டருக்கு அடியில் இருந்த வாளியில் துப்பினேன்.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"கெட்டுப் போச்சா?"

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன் துப்புற?"

"வேலை நேரத்துல முழுங்க மாட்டோம்க்கா. வாசம் பாத்து, நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவோம். முழுங்கிக்கிட்டே இருந்தா நாலாவது கிளாஸ்ல நாக்கு செத்துரும். அப்புறம் எது நல்லது எது கெட்டதுன்னு தெரியாது."

அவர் கைப்பையைக் கவுன்டர் மேல் வைத்தார்.

"என் பொண்ணு?"

"என்ன வேலைல இருக்கு?"

"லேப்னு சொன்னா."

"அப்படின்னா காலையிலேர்ந்து துப்பிக்கிட்டுத்தான் இருக்கும்."

"ஒரு சொட்டுகூட உள்ள போகாதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் இந்த அம்மாவிடம் ஏற்கெனவே பழ ஃபேக்டரி என்று ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

"போகும்க்கா. எவ்வளவு துப்புனாலும் கொஞ்சம் போகும். வேலை முடிஞ்சு ஒரு கிளாஸ் குடிச்சாலும் குடிக்கும். எனக்குத் தெரியாது. அதுகிட்டதான் கேக்கணும்."

அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "குடு," என்று கையை நீட்டினார்.

4. வாளி மேசைக்கு வந்தது

அந்த வாளி கவுன்டருக்கு அடியில் கிடந்ததற்குக் காரணம் முதலாளி. விருந்தாளிகள் அருவருப்படைவார்கள் என்பார். உண்மை அதுவல்ல. துப்புகிறவன் நிதானமாக இருப்பான். நிதானமாக இருப்பவன் பெட்டி பெட்டியாக வாங்க மாட்டான்.

நான் வாளியைக் கழுவி எடுத்து மேசை நடுவில் வைத்தேன்.

"மணியம், எடுய்யா அத! சாப்புடற எடத்துல!"

"கழுவுன வாளிதான் பாஸ்."

அக்கா மேசைக்கு வந்து, நான் ஊற்றிக் கொடுத்த கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, கோப்பி குடிப்பதுபோல் ஒரு வாய் வைத்தார். கண்ணை இறுக்க மூடினார். கன்னம் உப்பியது. அவசரமாகத் துப்பினார். பாதி வாளியில், பாதி சேலையில். ஷாமினி ஓடி வந்து டிஷ்யூவால் ஒற்றி எடுத்தார். தினேஷ் அக்காவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"தூ, எட்டிக்காய்," என்றார் அக்கா. "இதுக்குப் போயா படிச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முதலாளிகூடச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அக்கா வாளியைப் பார்த்துச் சொன்னார்:

"அவங்கப்பா ஒரு நாளும் துப்புனதில்ல."

அங்கேயே ஃபோனை எடுத்தார். அந்தப் பக்கம் மகள், "அம்மா?" என்று பயந்த குரலில் சொன்னது எனக்கே கேட்டது.

"அங்க வாளி வச்சிருக்காங்களா?"

"என்ன வாளிம்மா?"

"துப்பறதுக்கு."

"இருக்கும்மா. ஆளுக்கு ஒண்ணு."

"முழுங்குவியா?"

"வேலையில மாட்டேன். லீவு நாள்ல எப்பவாச்சும் ஒரு கிளாஸ்." மகள் அழுதுகொண்டிருந்தாள். "இனிமே பொய் சொல்ல மாட்டேம்மா."

அக்கா சேலையில் இருந்த கறையை விரலால் தேய்த்தார்.

"டிக்கெட்ட எடு. புட்டி கிட்டி தூக்கிக்கிட்டு வராதே. முறுக்குக்கு மாவு பெசைய ஆள் வேணும்."

5. புதிதாக வருகிறவர்களுக்கு

அன்று பெட்டிகள் அதிகம் போகவில்லை. திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நானும் கத்தினேன். வாளி மேசையிலேயே இருக்கிறது.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். புட்டியைத் திறப்பதற்கு முன்னால் வாளியை எடுத்து எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள். துப்புவதும் முழுங்குவதும் அவரவர் விருப்பம். ஆனால் துப்பலாம் என்பது குடிக்க வருகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் லயத்தில் அதை ஒருத்தனும் சொல்லவில்லை.