குளோர்ப் என்றால் என்ன?

ஷியாமளா டீச்சர் யாரையும் லேசில் நம்ப மாட்டார். பால்காரரையும் நம்ப மாட்டார், தலைமையாசிரியரையும் நம்ப மாட்டார். வங்காளத்தில், கார்டன் ரீச்சில் உள்ள எங்கள் பள்ளியில் நான் கணக்கு, அவர் இங்கிலீஷ். பத்தாம் வகுப்பில் தேறாத பன்னிரண்டு பேரை மாலையில் உட்காரவைத்து வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். "பிரிட்டோ ஸார், இதுங்க படிக்கிறதே இல்ல. கேள்வியில இருக்கிற வார்த்தையைப் பத்தியில தேடி, அந்த வரியை அப்படியே எழுதுதுங்க" என்று பொருமுவார்.

அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி அனன்யா. இருபதுக்கு நாலு வாங்குகிறவள், பூஜை லீவு முடிந்து வந்த இங்கிலீஷ் தேர்வில் பதினெட்டு வாங்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அன்று ஹாலில் நான்தான் மேற்பார்வை. பக்கத்தில் நன்றாகப் படிக்கிற மேக்னா, இவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காப்பிதான், வேறென்ன! புகார் எழுதிக் கொடுத்தேன். பொதுத்தேர்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொன்னார்.

"காதால கேட்டீங்களா?" என்றார் ஷியாமளா.

"கண்ணால பார்த்தேன் டீச்சர்!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் ஒரு தாளை நீட்டி, "விடை சரிபார்க்கணும், சட்டுனு போட்டுக் கொடுங்க" என்றார். இங்கிலீஷில் ஒரு பத்தி, ஐந்து கேள்வி. மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

மாலையில் அதே தாளைப் பன்னிரண்டு பேருக்கும் தள்ளித் தள்ளி உட்காரவைத்துக் கொடுத்தார். பதினோரு பேருக்கு முழு மதிப்பெண். அனன்யாவின் தாள் மட்டும் காலி.

"பார்த்தீங்களா! பக்கத்துல ஆள் இல்லேன்னா ஒண்ணுமில்ல!" என்று குதித்தேன்.

அனன்யா அழுதுவிட்டாள். "லீவுலேருந்து ஒவ்வொரு வரியையும் பெங்காலில எனக்கே சொல்லிப் பார்க்கறேன் மிஸ். இதைச் சொல்லவே வரல. புரியாம எப்படி எழுதறது?"

அன்று தேர்வில் அவள் உதடு அசைந்தது அதற்குத்தான்.

ஷியாமளா என் தாளை எடுத்து நீட்டினார். ஐந்துக்கு ஐந்து.

"குளோர்ப் மின்டிலை டிராவியதுன்னு எழுதியிருக்கீங்க. குளோர்ப்னா என்ன ஸார்?"

அப்படி ஒரு சொல்லே கிடையாது. பத்தி முழுக்க அவர் இட்டுக்கட்டிய வார்த்தைகள்; நானும் கேள்வியில் இருந்த வார்த்தையைத் தேடி, அந்த வரியை அப்படியே எழுதியிருந்தேன்.

புகாரைத் திரும்ப வாங்கத் தலைமையாசிரியர் அறைக்கு நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். நான் வாங்குவேன் என்று நம்பாமல் ஷியாமளாவும் கூடவே வந்துகொண்டிருந்தார்.