செத்தவள் தலைவாரிய பக்கம்

என் பேத்தி இசைப்பிரியா மூன்று சிநேகிதர்களோடு சேர்ந்து எங்கள் குவார்ட்டர்ஸிலேயே காமிக்ஸ் புத்தகம் போடுகிறாள். எழுத்துத் தெரியாத எனக்குப் படம் பார்த்தே கதை புரிந்தால்தான் புத்தகம் வெளியே போகும். அது அவள் வைத்த சட்டம். இந்தமுறை அவசரத்தில் என்னிடம் காட்டவில்லை.

ஐந்து மணிக்குப் புத்தகக் காட்சியில் கடை திறக்க வேண்டும். மூன்று மணிக்கு, ஸ்டேப்ளர் பின் அடித்து அடுக்கிய இருநூறு புத்தகத்தில் ஒன்றைப் புரட்டினேன்.

"ஏண்டி, ஏரியில முழுவி செத்தவ, அடுத்த பக்கத்துல தலை வாரிகினு இருக்காளே. பேய்க்கதையா?"

பிரியா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். மடித்ததில் எல்லாப் புத்தகத்திலும் நடுத்தாள்கள் முன்பின்னாகியிருந்தன.

"யாரு கவனிக்கப் போறாங்க, ஆயா?" என்றான் அவள் கூட்டாளி பிராங்க்ளின்.

"நான் கவனிச்சனே."

பிரியா பின்னைப் பிடுங்கத் தொடங்கினாள். கிளம்பும் நேரத்துக்குள் முப்பது புத்தகம்தான் சரியாகியிருந்தது. அவற்றோடு கடைக்குக் கிளம்பினாள். மீதியைப் பிராங்க்ளின் மடிக்க மடிக்க, ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் வெளியே விட்டேன்.