கடைசிப் பெட்டியில் விஸ்வேஸ்வரன்

மைசூர் ஹெப்பாளில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை நிர்மலாவுக்கு. சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளி. கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். வாரம் முழுக்க வாஷர்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஞாயிறு விடிந்தால் ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம் கிளம்பிவிடுவாள், காவிரிப் பாலத்தைக் கடக்கும் கூட்ஸ் வண்டிகளைப் படம் எடுக்க.

இது ஓர் ஆடிப்பெருக்கன்று தொடங்கியது. படித்துறையில் நாத்தனார் குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்து போனைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துப் பாலத்தில் ஒரு கூட்ஸ் ஏறியது. துருவேறிய பெட்டிகள் அவசரமே இல்லாமல் நகர, கீழே புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. படத்தில் வண்டி முழுசாக விழுந்திருந்தது. நாத்தனாருக்குத்தான் நெற்றிக்கு மேல் ஒன்றுமில்லை.

"எடுக்கறதுதான் எடுக்கறே, எக்ஸ்பிரஸ்ஸ எடுக்கலாமல்ல?" என்பான் கணவன் மனோஜ்குமார்.

"எக்ஸ்பிரஸ் எப்ப வரும்னு ஊருக்கே தெரியுமுங்க. கூட்ஸ் அப்படியா? திடீர்னு வந்து நிக்கிற சொந்தக்காரங்களாட்டம் வரும்."

பழைய கேமரா ஒன்று வாங்கினாள். படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டாள். ஒருநாள் பிரதிபா என்ற பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. நிர்மலாவின் படமொன்றில், கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு நிற்கும் கார்டு அவளுடைய அப்பா விஸ்வேஸ்வரனாம். "சர்வீஸ் பூரா அப்பாக்கு கூட்ஸ்தான். அவர் வேலை செய்யறதை நாங்க ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. மாசக் கடைசியில் ரிடையர் ஆறார். அந்தக் கடைசி டிரிப்பை எடுத்துத் தர முடியுமா, ப்ளீஸ்?"

நிர்மலா லீவு போட்டாள்.

அன்று பிரதிபா தன் அம்மா மீனாக்ஷியையும் அழைத்து வந்திருந்தாள். பட்டுப்புடவையும் கையில் புளியோதரைத் தூக்குமாக, கல்யாணத்துக்கு வந்தவர்போல மீனாக்ஷி ஆற்றங்கரை மரத்தடியில் உட்கார்ந்தார். பாலம் கரையைத் தொடும் இடம் அங்கிருந்து கிட்டத்தில்தான். பெங்களூர் பக்கமிருந்து வண்டி வரவேண்டும். காலை போயிற்று, புளியோதரையும் தீர்ந்தது. வண்டியைக் காணோம்.

"எங்காத்துக்கும் இப்படித்தான் வருவார்," என்றார் மீனாக்ஷி. "தீபாவளிக்கு வரேன்னுட்டு மறுநாள் வந்து நிப்பார். நீ ஏம்மா இதுக்குப் போய்க் காத்துண்டு நிக்கறே?"

"எனக்குக் காத்துட்டு நிக்கறதும் புடிக்குமுங்கம்மா."

வெயில் சாயத் தொடங்கியபோது தூரத்தில் ஹாரன் கேட்டது. நிர்மலா கேமராவை உயர்த்தினாள். எஞ்சின் பாலத்தில் ஏறியது. அதே சமயம், மைசூரிலிருந்து வந்த பாசஞ்சர் ஒன்று இந்தப் பக்கத் தண்டவாளத்தில் குறுக்கே புகுந்து, கூட்ஸை அப்படியே மறைத்துவிட்டது.

"அய்யோ ராமா! போச்சே!" என்று கத்தினாள் பிரதிபா.

"பொறுங்க. கூட்ஸ் நீளமுங்க," என்றாள் நிர்மலா. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

பாசஞ்சரின் கடைசிப் பெட்டி நகர்ந்தது. அதற்குப் பின்னால் கூட்ஸ் இன்னும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் கார்டு பெட்டியும் வந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் சாமந்தி மாலை, கையில் பச்சைக் கொடி. விஸ்வேஸ்வரன் முழு உற்சாகத்தோடு கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார், பாலத்தின் மறுபக்கத்தைப் பார்த்து.

"அப்பா! இந்தப் பக்கம்!" என்று பிரதிபா கூவினாள். அவர் காதில் விழவில்லை. மீனாக்ஷி எழுந்து நாலு எட்டு ஓடினார். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லியறியாத அந்த அம்மா, இரண்டு கையையும் வாயருகே குவித்து, ஆறே அதிரும்படி கூப்பிட்டார்:

"விஸ்வேஸ்வரா!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மனைவியைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். நிர்மலா அழுத்தினாள்.

வண்டி போனபிறகு மீனாக்ஷிக்கு வெட்கம் தாங்கவில்லை. தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "ஒரு 'ர்' கூட வைக்காமக் கூப்டுட்டேனே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மற்ற இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிரிவு உபசார விழாவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேடையில் வைத்தார்கள். பேச எழுந்த விஸ்வேஸ்வரன் படத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், பேச்சு மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது நிர்மலாவுக்கு மற்ற கார்டுகளின் வீடுகளிலிருந்தும் போன் வருகிறது. போன வாரம் அரசிகெரேயிலிருந்து ஒருத்தி, தன் மாமனார் ஞாயிறன்று நிலக்கரி வண்டியில் வருகிறார் என்றாள். மனோஜ்குமாரும் கூட வருகிறேன் என்று கிளம்பினான்.