பதினெட்டை நாலு என்று சொன்னேன்

கல்முனைக்குடியில் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை விளையாடுவோம். பகடை உருட்டினால் வீடுகளில் சூது என்று பேச்சு வரும். அதனால் ஒன்று முதல் இருபது வரை எண் போடுவது என் டெப்லட். கதை நடத்துவது நான். ஐம்பது வயதில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அது.

எங்களில் ஒருவர் பார்மசிக்காரர். மெலிந்தவர், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனைகள். என்னை அண்ணனாக மதித்துக் காக்கா என்பார். எண் விழும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். "நீங்க சொன்னா போதும், காக்கா."

நாலு மாதமாக அவர் வளர்த்த பாத்திரமான தோணிக்காரன் ஒருநாள் சுழியில் மாட்டினான். பத்துக்கு மேல் விழுந்தால் பிழைப்பான். பதினெட்டு விழுந்தது; திரை என் பக்கம்தான் இருந்தது. ஆனால் அவன் சாவை நான் ஏற்கெனவே இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதுவும் நல்ல தமிழில்.

"நாலு" என்றேன்.

"மௌத்தா?"

"ஓம்."

வாசித்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு இடம் பண்ண பார்மசிக்காரர் டெப்லட்டைத் தூக்கினார். விழுந்த எண்களை அது வரிசையாகக் காட்டும் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

"நல்லா எழுதியிரிக்கீங்க, காக்கா. அவன்ட பொஞ்சாதிக்கிட்ட ஆரு போய்ச் சொல்ற?"

அடுத்த வெள்ளி அந்தப் பொஞ்சாதியையே புதுப் பாத்திரமாக எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எண் விழும்போது, வழக்கம்போல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போதெல்லாம் டெப்லட்டை அவர் முன்னாலேயே வைக்கிறேன். பாருங்கள் என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை.