கேவுருக் குழியோட மூச்சு

கேவுரு கூட, அதான் கேழ்வரகு, மூச்சு வுடுதாம். எம் பேத்தி பாடத்தச் சத்தமா படிச்சா, நான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். உசுருள்ளது எதுவா இருந்தாலும் ஒடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையாம், செல்லுன்னு பேராம். ஒவ்வொரு அறையும் தின்னதக் கொஞ்சங் கொஞ்சமா, தீயே இல்லாம எரிச்சு, அதுல தெம்பு எடுத்துக்குதாம். அதுக்கு நல்ல காத்து வேணுமாம். எரிச்ச பின்னாடி கெட்ட காத்த வெளிய தள்ளிடுமாம்.

"வெதையுமா கண்ணு?"ன்னேன்.

"வெதையுந்தான் தாத்தா. ஈரம் பட்டா இன்னும் வேகமா."

எங்க மாமன் நெனப்பு வந்துடுச்சு. எங்கம்மாவுக்குத் தம்பி அவரு.

உலகச் சண்டைக் காலம் அது. பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எங்க வெள்ளாமக் காடு. அப்பெல்லாம் கேவுர மண்ணுக்குள்ளதான் வெப்பாங்க. ஆளு ஒசரத்துக்கு மேல குழி, உள்ள அகலம், வாய் மட்டும் குறுக்கு. சுத்தி வைக்கோலு கட்டி, மேல கல்லு வெச்சு மண்ணு பூசிட்டா வருசக்கணக்குல கெடக்கும். தெறந்த அன்னிக்கே எறங்கக் கூடாது. ஒரு பகலு ஆறவுட்டு, வெளக்க எறக்கிப் பாக்கணும். நின்னு எரிஞ்சாத்தான் ஆளு எறங்கலாம். வாய் குறுக்குங்கறதால எப்பவும் சின்னப் பையன் நாந்தான் எறங்குவேன். எறங்கறவனுக்கு மொதக் களியுருண்ட. அதுல எனக்கு அம்புட்டுப் பெரும.

இப்ப சித்தேரி மலைக்கு பஸ்ஸே போவுது. அன்னிக்கு அந்த மலை மேல மழை கறுத்துக்கிட்டு நிக்குது. வூட்ல ஒரு புடி தானியமில்ல. புளியங்கொட்டைய வேவிச்சுத் தின்னு தங்கச்சிக்கு வயிறு உப்பிப் போச்சு, அழுதா சத்தம் கூட வரல. குழிய ஆறவுட்டா மழை உள்ள பூந்துடும். முன்ன பேஞ்ச மழையிலயே ஓரமா கசிஞ்சிருக்கும் போல. கல்லத் தூக்கினதும், ஓடி வந்த மாட்டோட மூச்சாட்டம் சூடா, புளிச்ச வாடை மூஞ்சில அடிச்சுது.

சீமெண்ணெ கெடைக்காத காலம், புங்கெண்ணெ வெளக்குதான். எறக்கினோம், அணைஞ்சுது. மறுபடி ஏத்தி எறக்கினோம், பாதியிலயே அணைஞ்சுது.

"வேணாம் மச்சான், ஆறட்டும்"னாரு எங்கப்பா.

"எண்ணெ கலப்படங்க மாமா. மழை வந்தா இருக்கறதும் போயிடும்"னாரு மாமன்.

அதுக்குள்ள நான் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டேன். மாமன் வெடுக்குனு அவுத்துட்டாரு.

"போடா சுண்டக்கா! எப்பப் பாத்தாலும் மொத உருண்ட ஒனக்கேவா? இன்னிக்கு எனக்கு."

"ஒன் தோளு பூராது மாமா!"ன்னு கத்தி அழுதேன்.

தோளக் குறுக்கிக்கிட்டு, ஒரசி ஒரசி எறங்கிட்டாரு. "அடியில நல்லாத்தான் இருக்குது"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல.

"மச்சான்! டேய் மச்சான்!"

எங்கம்மா ஓடியாந்து கயித்தப் புடிச்சா. எங்கப்பாவும் அவளுமா இழுத்தாங்க, வாயில தோளு மாட்டிக்கிச்சு. நானும் கயித்துல தொங்கினேன். தோலு வழண்டு, ரத்தத்தோட வந்து விழுந்தாரு. ஒதடு நாவப்பழமாட்டம். எங்கம்மா தம்பி தம்பின்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. ரொம்ப நேரங் கழிச்சு ஒரு மூச்சு இழுத்தாரு பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குது. கண்ணத் தெறந்து, "களி ஆச்சாக்கா?"ன்னாரு. எங்கம்மா அவர அடிச்சுக்கிட்டே அழுதா.

மழை தூத்த எடுத்துச்சு. குழிய மூடிட்டோம். மாமன் மடியில கட்டியிருந்த கேவுரு மட்டும் வெளிய வந்துச்சு. அத அரைச்சுத்தான் அன்னிக்குக் களி. மொத உருண்டைய எங்கம்மா மாமனுக்கு வெச்சா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். தோலு வழண்ட கையால அத என் வட்டிலுக்குத் தள்ளிவுட்டாரு. என்னுது எனக்கு வந்துடுச்சுன்னு, புளிச்ச வாடையோட முழுங்கிட்டேன்.

மாமன் போயி ரொம்ப வருசமாச்சு. பேத்தி அந்தப் பாடத்த மூடி வெச்ச பின்னாடிதான் தோணுச்சு: எண்ணெ மேலதான் தப்புன்னு அவரு நெசமா நம்பியிருந்தா, என் இடுப்புக் கயித்த எதுக்கு அவுக்கணும்?