ஞாயிற்றுக்கிழமை யார் தைப்பது

தம்பியின் பனியன் கம்பெனி பல்லடம் சாலையில் இருக்கிறது. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் அடிக்கடி அங்கே போய் உட்கார்வேன். அந்தச் சனிக்கிழமை அவனே வரச் சொன்னான். திங்கட்கிழமை ஷிப்மென்ட். ஓவர்லாக் மிஷினில் தைக்கும் தூத்துக்குடிப் பக்கத்து அம்மா ஞாயிறு வர முடியாது என்றுவிட்டார். அவர் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள்.

டீ நேரத்தில், அந்த அம்மாவுக்குக் கேட்கும்படியே தம்பி ஆரம்பித்தான். "ஏனுங்கண்ணா, உலகம் உண்டான கதையெல்லாம் எழுதுனீங்க. அவங்க வேதத்துல மனுசனை வேலை செய்யத்தானுங்க படைச்சிருக்குது? நீங்களே சொல்லுங்க."

எபிரேயர், கிரேக்கர் கதைகளைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதில் இருந்ததைச் சொன்னேன். அவர்கள் வேதத்தில் வரும் எபிரேயக் கதையில் கடவுள் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான். தம்பி சொன்னது அதுவரை சரி. ஆனால் மனிதன் உண்டானது ஆறாம் நாள். அவனுக்கு முதலில் விடிந்ததே ஓய்வுநாள். கிரேக்கக் கதை வேறு மாதிரி. விலங்குகளுக்கெல்லாம் ரோமமும் நகமும் பங்கு போட்ட தேவன், மனிதனின் முறை வந்தபோது கையை விரித்துவிட்டான். வெற்றுடம்போடு நின்ற மனிதனுக்காக அந்தத் தேவனின் சகோதரன் நெருப்பையும் கைத்தொழிலையும் திருடி வந்தான்.

தம்பிக்கு இது பிடித்துவிட்டது. யாரும் எதுவும் கொடுக்கவில்லை, நாமாக மிஷினைப் பிடித்து மேலே வந்தோம், இது நம்ம ஊர்க் கதை என்றான்.

அந்த அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க கதையில துணியில்லாம நின்ன மொத ஆணுக்கும் பொண்ணுக்கும் கடவுளே தோலுடுப்பு செஞ்சு போட்டாருல்லா அண்ணாச்சி. நாளைக்கு ஒருநாள் நீங்க தைங்க."

பக்கத்து மிஷின்களில் சிரிப்பு. கம்பெனி போடுவதற்கு முன் தம்பியும் டெய்லர்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை நான் போனபோது, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவன் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்தான். வேகம் போதவில்லை, ஆனால் எழுந்திருக்கவில்லை. மதியத்துக்கு மேல் அந்த அம்மா பட்டுச்சேலையில் வந்தார், கையில் எங்களுக்குப் பிரியாணித் தூக்கு. அதை வைத்துவிட்டு, தம்பி தைத்த பீஸ் ஒன்றை எடுத்துத் தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். சரி என்று அடுக்கில் வைத்தார். இன்னொன்றில் இழுத்ததும் தையல் விட்டது, அதைத் தனியே போட்டார்.

"ஏனுங்க, கடவுள் தெச்சதையும் இப்படித்தான் இழுத்துப் பாத்தாங்களா?" என்றான் தம்பி.

"அவரு ரெண்டு பேருக்குத்தான தச்சாரு அண்ணாச்சி."

வாசலில் வெள்ளை கவுனோடு மகள் நிற்கிறாள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். தம்பி தனியே கிடந்த அந்த ஒன்றின் தையலைப் பிரிக்கத் தொடங்கினான்.